கழித்த கல் போகும் இடம்

கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சூதுபவள மணிகளைப் பார்க்கும்போது முதலில் எழும் கேள்வி, இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதுதான். குஜராத்திலிருந்து வணிகர் கைமாறி வந்திருக்க வேண்டும் என்பது அகழாய்வாளர்களின் கருத்து. நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த சூதுபவளங்களுக்கும் அதே தடத்தைத்தான் சொல்கிறார்கள். கல் வந்த தடத்தைப் பற்றித் தமிழில் இன்று நிறையப் பேசுகிறோம். அதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த மணிகளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது. மணியாக மிஞ்சிய கல் இதோ இருக்கிறது. மணியாவதற்காகத் தேய்த்து எடுக்கப்பட்ட கல் எங்கே போனது?

மெருகு ‘ஏற்றுவது’ என்கிறோம். ஒளி ‘ஊட்டுவது’ என்கிறோம். எதையோ கல்லின்மேல் பூசுவது போன்ற சொற்கள். பட்டை தீட்டுபவரின் கை செய்வது அதற்கு நேர்மாறான வேலை. கரட்டுக் கல்லில் மேடாக நிற்பதைத் தேய்த்துக் கழிக்கிறார். அந்தத் தேய்ப்பில் விழுந்த கீறலை அதைவிட நுண்ணிய பொடியால் கழிக்கிறார். அது விட்ட கீறலை இன்னும் நுண்ணிய பொடியால். கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகும்போது வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. அதற்குத்தான் மெருகு என்று பெயர். முதல் தேய்ப்பிலிருந்து கடைசித் தேய்ப்புவரை கல்லில் எதுவும் ஏறவில்லை, குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்படிக் குறைந்த கல் போகும் இடத்தை ஒரு ஊரை வைத்துச் சொல்வதென்றால் நான் கம்பாத்தைத்தான் சொல்வேன்.

குஜராத்தில் மகி ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கிறது கம்பாத். ஆங்கிலேயர் காம்பே என்று எழுதிய ஊர். ஒருகாலத்தில் மேற்குக் கரையின் பெருந்துறைமுகம். வண்டல் ஏறியேறிக் கப்பல்கள் வருவது நின்றது. கப்பல் போன பிறகும் கல் தொழில் போகவில்லை. இத்தனைக்கும் கல் அந்த ஊரில் கிடைப்பதில்லை. நர்மதைக்குத் தெற்கே பரூச் மாவட்டத்தில், ரத்தன்பூரைச் சுற்றிய ராஜ்பிப்ளா மலைப்பகுதியில் பில் ஆதிவாசிகள் குழி வெட்டி எடுக்கும் கல் அது. அரபுச் சொல்லான அகீக் என்பதையே குஜராத்திலும் வழங்குகிறார்கள். அகேட், சூதுபவளம் எல்லாம் அதில் அடக்கம். சுரங்கப் பகுதியின் குன்று ஒன்றில் பாவா கோர் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவராக மரபு சொல்லும் அந்த இறையடியாரைச் சித்தி மக்கள் தங்கள் மூதாதையாகப் போற்றுகிறார்கள். அகீக் தொழில் தழைத்ததற்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இந்தத் தொழிலின் வயதை நினைத்தால் தலை சுற்றும். காம்பே வளைகுடாவின் தலைப்பக்கம் இருக்கும் லோத்தலில் சிந்துவெளிக் கால மணிப்பட்டறையே கிடைத்திருக்கிறது. கி.மு. 2500 வாக்கில் மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் வைக்கப்பட்ட நீண்ட சூதுபவள மணிகள் சிந்துவெளிக் கைவேலை என்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், பாரிகாசா என்று அது அழைக்கும் பரூச் துறைமுகத்திலிருந்து அகேட் வகைக் கற்கள் கப்பலேறியதைக் குறித்து வைத்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, காம்பேயில் கல் அறுத்து மெருகிடும் கைவினைஞர்களைப் பார்த்து எழுதினார். அரசுகள் மாறின, கடல் விலகியது, வாங்குபவர்கள் மாறினார்கள். கல்லைத் தட்டும் கை மட்டும் அறுபடாமல் வந்திருக்கிறது.

அதனால்தான் தொல்லியலாளர்கள் கம்பாத்தைத் தேடி வந்தார்கள். 1989இல் தொடங்கி மார்க் கெனோயர், மாசிமோ விதாலே, பரோடா பல்கலைக்கழகத்தின் குல்தீப் பான் மூவரும் அங்குள்ள பட்டறைகளைப் படித்தார்கள். ஹரப்பாவில் மண்ணுக்குள் கிடைக்கும் சில்லுக்குவியலைப் புரிந்துகொள்ள, இன்று உயிரோடு இருப்பவர் கையிலிருந்து விழும் சில்லுக்குவியல் உதவும் என்பது அவர்கள் எண்ணம். பெருவணிகர் மொத்தத் தொழிலையும் கட்டுப்படுத்தும் பட்டறையின் கழிவு ஒரு விதமாகக் குவிகிறது. தனிக் குடும்பம் சிறிய அளவில் செய்யும் இடத்தின் கழிவு வேறு விதமாகச் சிதறுகிறது. யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதைக் குப்பையைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். அருமையான கேள்வி. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே மேலே படிக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் கழிவில் ஒரு பங்கு தரையில் விழுவதே இல்லை.

வேலையின் போக்கைச் சொல்கிறேன். தோண்டிய கல்லை மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, மண்சட்டிகளில் இட்டு, சாண எரு போன்ற மெதுவாகக் கனியும் எரிபொருளுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். மங்கிய மஞ்சளும் பழுப்புமான கல்லில் உள்ள இரும்புச் சேர்மம் சூட்டில் நீரை இழந்து சிவக்கிறது. நாம் சூதுபவளம் என்று மயங்கும் சிவப்பு பெரும்பாலும் இந்தச் சட்டியில் பிறந்ததுதான். சுட்ட கல் தட்டுவதற்கும் இணங்குகிறது.

தட்டும் முறையை உலகெங்கும் உள்ள கற்கருவி ஆய்வாளர்கள் வியந்து படித்திருக்கிறார்கள். தரையில் சாய்வாக அறைந்த இரும்பு முளை. அதன் கூர்முனையில் கல்லின் விளிம்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, எருமைக்கொம்பில் செய்த தலையுள்ள சுத்தியலால் மறுபக்கத்தில் ஒரு தட்டு. சுத்தியல் பட்ட இடத்தில் சில்லு பெயராது. முளை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பெயரும். அடிக்கும் இடம் ஒன்று, உடையும் இடம் வேறொன்று என்பதால் கண்ணைவிடக் கையின் உணர்வுக்குத்தான் வேலை அதிகம். பிரெஞ்சு ஆய்வாளர் வாலன்டைன் ரூ, உளவியலாளர் பிளாந்தின் பிரில் ஆகியோர் 1990களில் இந்தச் சுத்தியலில் முடுக்கமானியைப் பொருத்தி ஒவ்வொரு தட்டையும் அளந்தார்கள். கைதேர்ந்தவர்களுக்கு அவர்கள் ஒருபோதும் தொட்டிராத கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நொறுங்கும் தன்மையில் கல்லிலிருந்து வேறுபட்ட அந்தப் பொருளுக்கு ஏற்பத் தேர்ந்தவர் கை உடனே விசையைக் குறைத்துக்கொண்டது. தேர்ச்சி குறைந்தவர் கைக்கு அது கூடவில்லை. இந்த நுண்மை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். பெரிய நல்ல மணியைத் தட்டி எடுக்கும் அளவுக்குத் தேற ஏறத்தாழப் பத்தாண்டுகூட ஆகலாம்.

துளையிடுவது இன்னொரு கலை. சிந்துவெளியினர் மிகக் கடினமான ஒரு தனிவகைக் கல்லில் துரப்பண முனை செய்தார்கள். அந்த முனையால் சூதுபவளத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான் இறங்க முடியும் என்று சோதனை செய்து கண்டிருக்கிறார்கள். 6 சென்டிமீட்டர் மணிக்கு 24 மணி நேரத் துளையிடல். கம்பாத்தில் இப்போது எஃகுக் கம்பியின் நுனியில் பொடி வைரச் சில்லு இரண்டைப் பதித்து வில்லால் சுழற்றுகிறார்கள். சில நிமிடங்களில் துளை விழுகிறது. துளையிடும்போது நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். முனை சூடேறாமல் இருக்கவும், தூள் குழம்பாகி வெளியேறவும் அது வேண்டும். இந்த நீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் தட்டலுக்கும் துளையிடலுக்கும் நடுவே இருக்கும் சாணையில் அந்த நீர் இல்லை.

தட்டிய மணி கரடுமுரடாக இருக்கும். அதைச் சுழலும் சக்கரத்தில் வைத்து முகம் சமப்படுத்துவதே சாணை பிடிக்கும் வேலை. பழைய சாணை, குருந்தப்பொடியை அரக்கில் குழைத்துச் செய்த தட்டு. வில்லால் இழுத்துச் சுழற்றுவார்கள். (குருந்தம் நம் சொல். தமிழின் குருந்தத்திலிருந்துதான் அந்தக் கனிமத்துக்கு உலகம் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் பிறந்தது. 1890களில் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாகச் செய்தபோது, அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணிக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நம் குருந்தத்தின் வால் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பிறகு மின்மோட்டார் வந்தது. எமரிச் சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலத் தொடங்கியது. கை ஒன்று நாள் முழுக்கத் தேய்த்த கல்லை மோட்டார் சிறிது நேரத்தில் தேய்த்துவிடும். கழியும் கல் அதே அளவுதான். ஆனால் அது பொடியாகப் பறக்கும் வேகமும் நுண்மையும் வேறு. மூக்குக்கு ஓரடி தூரத்தில், உட்கார்ந்தபடி குனிந்து, உலர்ந்த கல்லை உலர்ந்த சக்கரத்தில் வைத்துத் தேய்க்கிறார் தொழிலாளி.

ஏன் நீர் விடுவதில்லை என்று எளிதாகக் கேட்டுவிடலாம். காரணங்கள் உண்டு. ஈரக் கல்லில் கீறல் தெரியாது. நீர்ப்படலமே மெருகுபோல் மினுங்கிக் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை, ஏனென்றால் கூலி எண்ணிக்கைக்கு. வீட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் நீர் தெறித்தால் மின் அதிர்ச்சிப் பயம் வேறு. அறியாமை என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மணிக்கணக்கு இல்லாமல் மணிகளின் கணக்குக்கு மட்டும் கூலி தரும் ஏற்பாடு, சாணையை உலர்ந்தே வைத்திருக்கிறது.

கடைசி மெருகுக்கு ஒருகாலத்தில் தோல்பை. மணிகளையும் எமரிப் பொடியையும் அகீக் தூளையும் நீரோடு பையில் இட்டுக் கட்டி, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் இழுத்து உருட்டுவார்கள். முன்பு கழித்த கல்லின் தூளே மணிக்கு மெருகு தரும் பொடியாகத் திரும்பி வந்தது அங்கேதான். இப்போது அந்த வேலையை மோட்டாரில் சுழலும் உருளை செய்கிறது.

இப்போது தூசியைக் கணக்கிடுவோம். அகீக் முழுக்கச் சிலிக்கா. குவார்ட்சின் நுண்படிக வடிவம். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நுரையீரலுக்குள் புகக்கூடிய குவார்ட்ஸ் தூசிக்கு ஒரு வாய்பாடு தந்தது. தூசி முழுக்கக் குவார்ட்சாக இருந்தால் அதன்படி ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம்தான் இருக்கலாம். அமெரிக்காவில் 2016இல் அதிலும் பாதியாக, 0.05 மில்லிகிராமாக வரம்பைக் குறைத்தார்கள். ஒரு கிராம் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மணி ஒன்றில் தேய்ந்து போகக்கூடிய அளவு. அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் நுரையீரலுக்குள் புகும் அளவுக்கு நுண்ணியதாகிக் காற்றில் கலந்ததாக வைத்துக்கொண்டால், அது 10 மில்லிகிராம். இந்திய வரம்பின்படி பார்த்தால் 100 கனமீட்டர் காற்றை நிரப்பப் போதும். பத்துக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் 28 கனமீட்டர்தான். ஒரே ஒரு கிராம் கல், மூன்று அறைக்கு மேல் கெடுக்கும். அந்த அறையில்தான் பல வீடுகளில் அடுப்பும் தூளியும் இருக்கின்றன.

நுரையீரலின் நுனிக் காற்றறைகள் வரை போகும் துகள் 5 மைக்ரானுக்கும் குறைந்த அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெயில்கீற்றில் மிதந்து தெரியும் தூசியைப் பார்த்துப் பயப்படுகிறோம். அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தெரியாத தூசிதான் உள்ளே போகிறது. அங்கே காவல் நிற்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. கரிமத் துணுக்கையோ கிருமியையோ என்றால் செரித்துவிடும். குவார்ட்சைச் செரிக்க முடியாமல் அந்தச் செல்லே வெடித்துச் சாகிறது; துகள் வெளியே வருகிறது; அடுத்த செல் விழுங்குகிறது. இந்தச் சங்கிலி நிற்பதில்லை. ஒவ்வொரு சாவைச் சுற்றியும் தழும்புத்திசு வளர்கிறது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக விரியும் தன்மையை இழக்கிறது. சக்கரத்தை விட்டு எழுந்து வேறு வேலைக்குப் போன பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. புதிதாக உடைந்த குவார்ட்சின் மேற்பரப்பு பழைய தூசியைவிட நச்சுத்தன்மை மிக்கது என்பதும் தெரிந்திருக்கிறது. சாணையில் பிறக்கும் தூசி முழுக்கப் புதிதாக உடைந்ததுதான். 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை படிகச் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். இருமல், மூச்சுத்திணறல், எடை குறைதல் என்று அறிகுறிகளும் ஒத்தவை. அதனால் தொழிலாளி காசநோய் மருந்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று விழுங்கிக்கொண்டே இருப்பார், மூச்சு திரும்பாது. மருத்துவர் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் ஊடுகதிர்ப் படத்தின் பொருளே மாறியிருக்கும். தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் ராமசினி 1700இலேயே, மருத்துவர்கள் நோயாளியின் தொழிலைக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார். கல்தச்சரின் நுரையீரலில் மணல் இருப்பதையும் அவரே எழுதினார். அவருக்கும் முன்னால், 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூல், கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை அடுத்தடுத்துத் தூசிக்குப் பறிகொடுத்த பெண்களைப் பற்றிப் பேசுகிறது. அறியாத நோய் அல்ல இது.

ஜெர்மனியின் இடார் ஒபர்ஸ்டைனிலும் இதே அகேட் தொழில் நூற்றாண்டுகளாக நடந்தது. உள்ளூர்க் கல் தீர்ந்துவரும் வேளையில், 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த அவ்வூர்க்காரர்கள் அங்கிருந்து கல் அனுப்பினார்கள். ஆற்றுநீரால் சுழலும் பெரிய மணற்கல் சாணைகள். அவற்றின் முன் தொழிலாளர் குப்புறப் படுத்து, காலை ஒரு கட்டையில் உதைத்து முட்டுக்கொடுத்து, உடல் பாரம் முழுவதையும் கல்லின்மேல் செலுத்துவார்கள். நெஞ்சு நாள் முழுக்க அழுந்திக் கிடக்கும். சாணையில் நீர் ஓடியது. ஆனால் சாணையே குவார்ட்ஸ் மணல். அவர்கள் நெஞ்சும் கெட்டது. இன்று அந்தப் பழைய ஆலைகளில் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

கழித்த கல் எந்தக் கல் என்பதும் பெரிய செய்தி. நம் திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது வீடுவீடாக நடந்த தொழில். குச்சியின் நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சக்கரத்தில் கோணம் பார்த்துப் பிடித்து ஒவ்வொரு பட்டையாக வைப்பார்கள். அவர்கள் கையில் இருந்தது செயற்கைக் குருந்தமும், பின்னாளில் க்யூபிக் சர்க்கோனியாவும். இரண்டிலும் சிலிக்கா இல்லை. அதனால் கம்பாத்தின் நோய் அவர்களை அண்டவில்லை. அவர்களைச் சாய்த்தது வேறொன்று: சீனாவில் வூஜோ போன்ற நகரங்களில் இயந்திரம் ஒரே அச்சாகப் பட்டை போட்டுத் தள்ளிய மலிவுக் கல். கம்பாத்தில் கை இன்னும் நிலைத்திருப்பதற்கு, இயற்கைக் கல்லில் ஒன்றைப் போல் இன்னொன்று இராது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அகமதாபாத்தின் தேசியத் தொழில்நல நிறுவனம் கம்பாத்தின் சாணைத் தொழிலாளரைப் பல பத்தாண்டுகளாகப் பரிசோதித்து வந்திருக்கிறது. சக்கரத்தின் முன் உட்காராத வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும்கூடத் தூசி தொட்டிருப்பதை அதன் ஆய்வுகள் காட்டின. தூசி பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சி இழுக்கும் கருவியையும் அந்நிறுவனமே வடிவமைத்தது. வதோதராவிலிருந்து இயங்கும் மக்கள் பயிற்சி ஆய்வு மையம் ஷகர்பூர் போன்ற பகுதிகளில் நோயாளிகளைக் கண்டறிந்து, இறந்தவர்களைக் கணக்கெடுத்து, அரசின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆக, மருத்துவம் தெரியும், பொறியியல் தெரியும், ஆட்களின் பெயர்களும் தெரியும். பிறகு என்ன தடை?

சட்டத்தைப் படித்தால் தடை தெரிகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அச்சட்டத்தில் தொழிற்சாலை என்றால் மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் இடம். கம்பாத்தின் சாணைகள் பெரும்பாலும் இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் இடங்கள். இதை உணராமல் சட்டம் எழுதப்படவில்லை. அதன் 85ஆம் பிரிவு, பத்துப் பேருக்குக் குறைவான இடத்தையும், முதலாளி வேலைக்கு அமர்த்தாமல் அவரோடு ஒப்பந்தத்தில் ஆட்கள் வேலை செய்யும் இடத்தையும் மாநில அரசு தொழிற்சாலையாக அறிவிக்கலாம் என்றது. நான் முதன்முதலில் அதைப் படித்தபோது, சாவி கையிலேயே இருந்திருக்கிறதே என்று தோன்றியது. அடுத்த வரியில் ஒரு விலக்கு: உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் தொழிலுக்கு இது பொருந்தாது. வீட்டுக்குள் குடும்பத்தோடு செய்யும் தொழிலில் அதிகாரி வந்து தலையிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரியாகவே அது இருக்கலாம். கம்பாத்தில் அந்த வரி, தூசி மிகுந்த வீட்டை அரசின் பார்வைக்கு வெளியே வைத்துவிட்டது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை 20, 40 என்று இரட்டிப்பாக்கியிருக்கிறது. அதே சட்டம், அபாயகரமான வேலை என்று அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தும் என்றும் சொல்கிறது. அறிவிக்கும் கை அசைய வேண்டும்.

அசைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பக்கத்து ஆதிவாசிகள் குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய், சில மாத உழைப்பிலேயே நுரையீரலை இழந்து திரும்பினார்கள். ஊர் ஊராகப் பட்டியல் திரட்டப்பட்டது. 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி பரிந்துரைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுக்க உத்தரவிட்டது. பட்டியல் இருந்ததால் கிடைத்த உத்தரவு அது. இன்னொன்று ஆஸ்திரேலியா. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்பலகைகளில் பெரும்பங்கு சிலிக்கா. அவற்றை அறுத்த இளம் தொழிலாளர்களிடம் சிலிகோசிஸ் பரவியிருப்பது பரிசோதனைகளில் தெரியவந்ததும், 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே நாடு முழுக்கத் தடை செய்தார்கள். கம்பாத் அகீக்கைத் தடை செய்யச் சொல்லவில்லை நான். நாலாயிரம் ஆண்டுக் கையை வெட்டச் சொல்ல மாட்டேன். நோயாளியை எண்ணத் துணிந்த இடத்தில்தான் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கம்பாத்தின் அகேட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பொருளின் பெயரை யாரும் திருடாமல் காக்கும் பதிவு அது; நல்லதுதான். அதே முறையில் ஒவ்வொரு சாணையையும் பதிய முடியாதா? எந்த வீட்டில் எத்தனை சக்கரம், யார் உட்காருகிறார், எத்தனை ஆண்டாக என்று ஒரு பதிவேடு. தூசி உறிஞ்சும் கருவிக்கும் அது இழுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் தலையில் வைக்காமல், கல்லைக் கொடுத்து மணியாக வாங்கிப்போகும் வணிகரும் அரசும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. கம்பாத்தின் கற்கள் இன்று மோதிரத்துக்கும் மாலைக்கும் மட்டுமல்லாமல், உடலையும் மனதையும் குணப்படுத்தும் கற்கள் என்று நம்புபவர்களுக்காகவும் பல நாடுகளுக்குப் போகின்றன. அவற்றை நெஞ்சில் வைத்து மூச்சை இழுத்துவிடுபவர்கள், அதைத் தேய்த்தவரின் மூச்சைப் பற்றி ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்டால் வணிகர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

கொடுமணலுக்குத் திரும்புகிறேன். அங்கே நீலக்கல், பெரில், படிகக்கல், செவ்வந்திக்கல் எல்லாவற்றையும் மணியாக்கிய பட்டறைகள் இருந்தன. மூலக்கல், அரைகுறை மணி, துளை விழாத மணி, முடிந்த மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் மண்ணில் கிடைத்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாராட்டும் ஊர் இதுவே என்கிறார்கள். படிகமும் செவ்வந்திக்கல்லும் குவார்ட்ஸ்தான். சூதுபவளமும் அதே சிலிக்காதான். அவற்றைத் தேய்த்தவர்கள் நீர் விட்டுத் தேய்த்தார்களா, திறந்த வெளியில் காற்றோட்டத்தில் உட்கார்ந்தார்களா என்பதைக் கல் சொல்வதில்லை. அங்குள்ள பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அகழ்ந்தவர்கள் அத்தனையையும் எண்ணிப் பதிந்தார்கள்.

நுரையீரல் மட்கிப்போகும். அதற்குள் தங்கிய குவார்ட்ஸ் துகள் மட்காது. மணி தீட்டியவர் யாரேனும் அந்த மண்ணில் கிடந்தால், அவர் மூச்சில் ஏறிய கல்லும் அங்கேயேதான் இருக்கும், சுற்றியுள்ள மணலோடு மணலாக. எந்தச் சல்லடையாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கம்பாத்தில் அதை ஊடுகதிர்ப் படத்தில் இன்றைக்கே பார்க்கலாம். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், நெஞ்சின் மேற்பகுதியில் நெருக்கமாக.